நில மேலாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், நிர்வாகக்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் விதிப்படி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார். காலநிலை ஆய்வுகளை நம் காடு, மேய்ச்சல் நிலம், குளங்களுக்குப் பயன்படுத்தும் பணியே இவ்வறிக்கையில் பெரும்பகுதி.

“நம் குளத்துக்கு இனி எவ்வளவு மழை வரும்?” என்பதே உறுப்பினர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. இதற்கு ஆய்வாளர்களிடம் நேர்ப்பதில் கிடைக்காது. உலகக் காலநிலையைக் கணினியில் கணிக்கும் மாதிரிகள் பூமியைக் கட்டங்களாகப் பிரிக்கின்றன. அவற்றில் ஒரு கட்டமே ஏறத்தாழ 100 கி.மீ. அகலம், நம் குளம் அதில் ஒரு புள்ளிகூட இல்லை. நம்பிப் பிடிக்கக்கூடியது ஒன்று உண்டு. வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று தாங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். கனமழையின் வேகமும் பெரும்பாலும் அதை ஒட்டியே ஏறும். எனவே பயிலரங்கில் 2 டிகிரிக்கு 14 சதவீதம் என்று வைத்துக்கொண்டோம்.

மாதிரிக் கணக்கு இது. நீர்பிடிப்பு (குளத்துக்கு மழைநீர் வடிந்து வரும் நிலம்) 40 ஹெக்டேர், மழை மணிக்கு 60 மி.மீ., நல்ல புல்லும் புதரும் உள்ள தரைக்கு ஓடுநீர்க் கெழு (விழும் மழையில் தரைமேல் ஓடிவரும் பங்கு) 0.3. மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் குளத்துக்கு வரும் நீர் விநாடிக்கு 2 கன மீட்டர். மழை 14 சதவீதம் ஏறினால் 2.28. மழை ஏறாமலே, மேய்ச்சல் மிகுந்து தரை மொட்டையாகிக் கெழு 0.45 ஆனால் 3. இரண்டும் சேர்ந்தால் 3.42. வானத்தைக் குறை சொல்லுமுன் தரையைப் பாருங்கள் என்று குழு வற்புறுத்துவது இதனால்தான்.

முதல் அளவான 2 கன மீட்டர், 3.3 மீட்டர் நீளக் கலிங்கின் (குளம் நிரம்பியபின் உபரி நீர் வழியும் தாழ்ந்த சுவர்) மேல் அரை மீட்டர் உயரத்தில் வழியும். 3.42 வந்தால் அதே கலிங்கில் நீர் 0.7 மீட்டரைத் தாண்டும். கரையில் மிச்சம் விட்ட உயரத்தில் 20 செ.மீ.க்கு மேல் போய்விடும். உயரத்தைப் பழைய அளவில் நிறுத்த, கலிங்கு 5.7 மீட்டர் நீளம் வேண்டும். கலிங்கின் மேல் பலகை வைத்து நீரைத் தேக்கும் பழக்கத்தையும் விட வேண்டும்.

மழைமானிப் பதிவேடுகளில் பிழைகள் பல. மரம் எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரு மடங்கு தூரத்திலாவது மானி நிற்க வேண்டும். புனலில் சருகு அடைத்தால் இன்றைய மழை நாளைய கணக்கில் ஏறும். எல்லாவற்றிலும் மோசம், பார்க்காத நாளுக்குச் சுழியம் எழுதுவது. அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். நாளொன்றுக்கு ஒரு அளவு மட்டும் இருந்தால் மழையின் வேகம் தெரியாது. தானே பதியும் மானியை 15 நிமிட இடைவெளிக்கு வைக்க வேண்டும்.

மரக்கன்று விதைகளை ஒரே தாய்மரத்தில் எடுக்காமல், சற்று வெப்பமும் வறட்சியும் கூடிய இடங்களிலிருந்தும் கலந்து எடுக்கலாம் என்பது குழுவின் கருத்து. ஆனால் முதலில் சிறு பரப்பில் நட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு உறுப்பினரும் மூன்று அளவுகள் தர வேண்டும்: கலிங்கின் நீளம், கலிங்கு மட்டத்திலிருந்து கரை உச்சி வரை உயரம், நீர்பிடிப்பின் பரப்பு. கரை உச்சியை அது மிகத் தாழ்ந்திருக்கும் இடத்தில் அளக்கவும்.

செயலாளர்