மட்டை இல்லாமலும் வென்றார்கள்

ஆசிரியருக்கு,

பாகிஸ்தானில் இம்ரான் கானின் தெஹ்ரீக்-இ-இன்சாஃப் கட்சி வளர்ந்ததற்கு 1992இல் அணித்தலைவராக கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்ற புகழே காரணம் என்னும் தங்கள் தலையங்கக் கருத்தை ஏற்க இயலவில்லை. 1996இல் தொடங்கிய அக்கட்சி, கோப்பையின் நினைவு பசுமையாக இருந்த 1997 தேர்தலில் ஓரிடம்கூடப் பெறவில்லை. 2002இல் கிடைத்ததும் ஒன்றே. 2013இல் கைபர் பக்துன்க்வா மாகாண ஆட்சியைப் பிடித்த பிறகே 2018இல் அவர் பிரதமரானார்.

2024 தேர்தலில் கட்சியின் கிரிக்கெட் மட்டைச் சின்னம் மறுக்கப்பட்டு, தொகுதிக்கொரு சின்னத்தில் சுயேச்சைகளாக நின்றும், அவருடைய ஆதரவாளர்களே அதிக இடங்களில் வென்றனர். இங்கே நம் நாட்டில் நான் தேர்தல் பணியாற்றிய வாக்குச்சாவடியின் வாசலில், ஒட்டியிருந்த வேட்பாளர் பட்டியலில் பழகிய சின்னத்தை விரல்வைத்துத் தேடிய எழுத்தறியா மூதாட்டியைக் கண்டவன் என்பதால், இவ்வெற்றி எத்தனை கடினமானது என்பதை உணர்கிறேன். பாகிஸ்தான் வாக்காளர்கள் புதிய சின்னங்களை எவ்வாறு அறிந்துகொண்டார்கள் என்பது குறித்துத் தாங்கள் தனிக் கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி