நரம்பின் நிறம் மறைவதும் நரம்பு மறைவதும் ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மீன்பிடித் தொழில் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரை ஒன்று, சிவப்பு நிறத் தூண்டில் நரம்பு சில மீட்டர் ஆழம் இறங்கியதும் மீனின் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும் என்றும், ஆகவே கைத்தூண்டில் போடுகிறவர்கள் வெள்ளைத் தங்கூசியை (நைலான் நரம்பை) கைவிட்டுச் சிவப்புக்கு மாறுவது நல்லது என்றும் கூறியது. அறிவியல் செய்தியாக அது சொல்லப்பட்டிருந்ததாலும், அதை நம்பிக் கைக்காசைச் செலவிடப் போகிறவர்கள் அன்றாட வருமானத்தில் வாழும் தொழிலாளர்கள் என்பதாலும், அதிலுள்ள பிழையைச் சுட்டிக்காட்டுவது கடமை எனக் கருதி இதை எழுதுகிறேன். நான் தூத்துக்குடி மாவட்டக் கடற்கரைப் பள்ளியொன்றில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஒளியைப் பற்றி என் மாணவர்கள் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை கடலைப் பற்றியவையாகவே இருந்தன.

கட்டுரை தொடங்கிய இடம் சரியானதே. சூரிய ஒளியின் நிறங்களில் நீர் முதலில் உறிஞ்சிக்கொள்வது சிவப்பைத்தான். 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள செவ்வொளி தூய நீரில் 5 மீட்டர் கடப்பதற்குள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைந்துவிடுகிறது. 10 மீட்டரில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கே எஞ்சுகிறது. நீல ஒளியோ அதே தொலைவில் பெரும்பகுதி குறையாமல் கடந்து செல்கிறது. ஆனால் இதிலிருந்து கட்டுரையாளர் வந்தடைந்த முடிவு தவறானது. ஒரு பொருள் சிவப்பாகத் தெரிவதற்குக் காரணம், அதன்மீது விழும் ஒளியில் மற்ற நிறங்களை அது விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புவதுதான். திருப்பி அனுப்பச் சிவப்பே இல்லாத ஆழத்தில் அந்தப் பொருள் கருமையாகத் தெரியுமே தவிர, காணாமல் போகாது. சங்கு குளிக்க இறங்குகிறவர்களிடம் கேட்டால், ஆழத்தில் கை கிழிந்தால் குருதி சிவப்பாகத் தெரியாமல் கரும்பச்சையாகத் தெரியும் என்பார்கள். அங்கே குருதி தன் நிறத்தை இழக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியத்தான் செய்கிறது. சிவப்பு நரம்புக்கும் நேர்வது இதுவேதான்.

அப்படியானால் எந்த நரம்பு குறைவாகத் தெரியும் என்ற கேள்விக்கு, நரம்பை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது. நரம்பின் பின்னால் என்ன இருக்கிறது, மீன் அதை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறது என்ற இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பின்புலத்தின் வெளிச்சத்துக்கும் நரம்பின் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிதாக இருந்தால் நரம்பு தெரியும். சிறிதாக இருந்தால் தெரியாது. பாரின் (கடலடிப் பாறைத் திட்டின்) இடுக்கில் கிடக்கும் களவாவோ அடியில் மேயும் விளைமீனோ மேல்நோக்கிப் பார்க்கும்போது, நீர்ப்பரப்புக்கு மேலுள்ள வானம் முழுவதும் ஒளிவிலகலால் ஏறத்தாழ 97 பாகை விரிந்த ஒரு வட்டத்துக்குள் அடங்கி மிகுந்த ஒளியுடன் தெரிகிறது. அந்த வட்டத்தின் குறுக்கே செல்லும் நரம்பு சிவப்போ, பச்சையோ, நீலமோ, வெள்ளையோ, எதுவாயினும் இருண்ட கோடாகத்தான் தெரியும். கீழிருந்து பார்க்கும் மீனைப் பொறுத்தவரை நரம்பின் நிறத்துக்கு ஏறக்குறைய வேலையே இல்லை.

பக்கவாட்டில் பார்க்கும் மீனுக்கு நிலைமை வேறு. அதன் கண்ணுக்குப் பின்புலமாக இருப்பது நீரின் நிறமே. அந்த நிறம் இடத்துக்கு இடம் மாறுவதால், ஒரே நரம்பு ஒரு கடலில் மறைவாகவும் இன்னொரு கடலில் வெளிப்படையாகவும் இருக்கக்கூடும். மன்னார் வளைகுடாவில் கரையிலிருந்து விலகிச் செல்லச் செல்ல நீர் நீலம் பாய்ந்து தெளிகிறது. அங்கே வெளிர்நீல நரம்பும் நிறமற்ற நரம்பும் பின்புலத்தோடு ஓரளவு கலந்துவிடும். பாக் நீரிணையை அடுத்த ஆழமற்ற பகுதிகளில் காற்று எழுந்தால் சேறு கலங்கி, நீர் பச்சையும் பழுப்புமாக மாறிவிடுகிறது. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் கழிமுகத்திலோ, வெள்ளக் காலத்தில் நிலத்திலிருந்து வரும் மக்கிய இலைதழைகளின் சாறும் வண்டலும் நீலத்தையே முதலில் உறிஞ்சிவிடுகின்றன. அத்தகைய நீரில் ஒளியின் மஞ்சள், சிவப்புப் பகுதிதான் கூடுதலாக எஞ்சும். கட்டுரை எந்த நரம்பை மறைந்துவிடும் என்று பரிந்துரைத்ததோ, அதே சிவப்பு நரம்பு அங்கே சிவப்பாகவே தெரியக்கூடும். நல்வாய்ப்பாக, அவ்வளவு கலங்கிய நீரில் எதுவுமே தொலைவிலிருந்து தெரியாது என்பதால் அங்கே நிறத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

கடையில் நரம்பு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. உருளையில் சுற்றப்பட்ட நிலையில் நாம் பார்ப்பது பல நூறு சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நிறத்தை. அதிலிருந்து ஓர் இழையை மட்டும் உருவி வெளிச்சத்தில் பிடித்தால், அடர்பச்சை என்று நினைத்தது மிக இலேசான பச்சைச் சாயலாகவும், நீலம் என்று நினைத்தது ஏறக்குறைய நிறமற்றதாகவும் இருப்பதைக் காணலாம். ஒளி ஊடுருவும் நைலான் நரம்புகளில் சாயம் அவ்வளவு குறைவாகவே செயல்படுகிறது. ஆகவே விலைக்கு வரும் நிறங்களுக்கிடையே உள்ள வேறுபாடு, உருளையில் தோன்றும் அளவுக்குக் கடலில் இருப்பதில்லை.

மீனின் கண் எப்படிப்பட்டது என்பதையும் கட்டுரை தொடவில்லை. எல்லா மீன்களுக்கும் ஒரே பார்வை இருப்பதாக எடுத்துக்கொண்டு எழுதப்பட்டிருந்தது. மீன்கள் நிறக்குருடு என்றே ஒரு காலத்தில் அறிஞர்கள் சிலர் வாதிட்டனர். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற விலங்கியலாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷ், 1910களில் சிறு நன்னீர் மீன்களுக்கு நிறத்தோடு உணவைத் தொடர்புபடுத்திப் பழக்கி, அவை நிறத்தைப் பிரித்தறிகின்றன என்று காட்டினார். இன்று நமக்குத் தெரிந்தவரை மீனினத்துக்கு மீனினம் வேறுபாடு மிகப் பெரியது. பொன்மீனுக்கு நான்கு வகை நிறமுணர் செல்கள் உள்ளன. அவற்றில் ஒன்று மனிதக் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரையும் உணர்கிறது. அமெரிக்க நன்னீர் மீனான பெருவாய் பாஸுக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் என இரண்டு வகை மட்டுமே உண்டு. அது அவ்விரண்டையும் நன்கு பிரித்தறிந்தாலும் கறுப்பையும் நீலத்தையும் குழப்பிக்கொள்கிறது என்று இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். சிவப்பு நரம்பு மீனுக்குத் தெரியாது என்னும் விளம்பரங்கள் பெரிதும் எழுந்த அதே நாட்டில், தூண்டில்காரர்கள் மிகவும் விரும்பித் தேடும் மீன் சிவப்பை நன்றாகவே காண்கிறது! சுறாக்களிலோ 2011ஆம் ஆண்டு வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்று 17 இனங்களைச் சோதித்து, 10 இனங்களில் நிறமுணர் செல்களே தென்படவில்லை என்றும், மற்ற 7 இனங்களில் ஒரே ஒரு வகை மட்டும் இருப்பதாகவும் தெரிவித்தது. ஒரே வகைச் செல்லை வைத்து நிறங்களைப் பிரித்தறிய இயலாது. ஆகவே ஒரே நீண்ட கயிற்றில் பல முட்களைத் தொங்கவிடும் ஆயிரங்கால் தூண்டிலில் கட்டும் நரம்பு என்ன நிறம் என்பதைச் சுறா அறிவது அரிது. இருட்டா வெளிச்சமா என்பதை மட்டும் அது நன்றாக அறியும்.

அந்தி மயங்கிய பின் நிறமுணரும் மீன்களும் இந்த நிலைக்கு வந்துவிடுகின்றன. பல மீன்களின் விழித்திரையில், வெளிச்சம் குறையும்போது நிறமுணர் செல்கள் பின்வாங்கி, மங்கிய ஒளியை உணரும் செல்கள் முன்னுக்கு நகர்கின்றன. விடியும்போது இது தலைகீழாக நடக்கிறது. இரவுத் தூண்டிலுக்கு நிறம் பார்த்து நரம்பு வாங்குவது இதனால் பயனற்றது. அத்துடன், 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் பெருகியதே, நாக்டிலுக்கா என்னும் ஒளிரும் நுண்ணுயிர், அது மிகுந்திருக்கும் நீரில் நரம்பு அசையும் இடமெல்லாம் ஒளி எழும்பும். அப்போது எந்தச் சாயமும் அதை மறைக்காது.

கட்டுரையின் இறுதியில், ஃபுளோரோகார்பன் என்னும் செயற்கைப் பொருளாலான நரம்பு முற்றிலும் கண்ணுக்குத் தெரியாதது என்று ஒரு வரி இருந்தது. நைலானைவிடப் பல மடங்கு விலையுள்ள பொருள் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஜப்பானில் 1971இல் விற்பனைக்கு வந்த இந்த நரம்பின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் அளவு, 1.42. நீருக்கு 1.33, நைலானுக்கு ஏறத்தாழ 1.53. இந்த எண்கள் எவ்வளவு நெருங்கியிருக்கின்றனவோ அவ்வளவுக்கு நரம்பு நீரோடு ஒன்றிப்போகும். நேராக விழும் ஒளியில் நைலானின் பரப்பு ஆயிரத்தில் ஏறத்தாழ ஐந்து பங்கையும், ஃபுளோரோகார்பனின் பரப்பு ஏறத்தாழ ஒரு பங்கையும் திருப்பி அனுப்புகின்றன என்று கணக்கிடலாம். எனவே இது நைலானைவிடக் குறைவாகப் பளிச்சிடும் என்பது உண்மை. ஆனால் 1.42க்கும் 1.33க்கும் இடையே இன்னும் இடைவெளி இருக்கிறது. சாய்வாக விழும் ஒளியை அது கூடுதலாகவே திருப்பும். உருண்டையான இழை என்பதால் ஒளியை வில்லை போல் வளைத்து ஓரங்களில் இருண்ட வரிகளையும் உண்டாக்கும். தண்ணீர்த் தொட்டிக்குள் முழுவதும் மூழ்கிய கண்ணாடித் தம்ளர் நிறமற்றதாயினும் அதன் விளிம்பு நமக்குத் தெரிவதைப் போல, இதுவும் தெரியும். ஃபுளோரோகார்பனால் கூடுதலாக மீன் படுகிறது என்று சொல்லும் தொழிலாளர்களை நான் மறுக்கவில்லை. அது நீரைவிட 1.78 மடங்கு அடர்த்தியுள்ளது, நைலானைவிட விரைவாக அமிழ்கிறது, நீரை உறிஞ்சித் தளர்வதில்லை, பாரில் உராய்ந்தாலும் எளிதில் அறுவதில்லை. இத்தனை நற்குணங்கள் இருக்க, பட்ட மீனுக்கெல்லாம் கண்ணுக்குத் தெரியாமைதான் காரணம் என்று சொல்வது கணக்குக்கு ஒத்துவராது.

ஒளிர்சாயம் கலந்த நரம்புகளைப் பற்றியும் ஒரு குழப்பம் நிலவுகிறது. பளிச்சென்ற மஞ்சள், செம்மஞ்சள், இளநீல நரம்புகளில் கலக்கும் ஒளிர்சாயம், புறஊதாவையோ நீலத்தையோ வாங்கிக்கொண்டு வேறு நிறத்தில் வெளியிடுகிறது. ஆகவே சாதாரணச் செம்மஞ்சள் கறுத்துப்போகும் ஆழத்திலும் ஒளிர்சாயச் செம்மஞ்சள் எரிந்துகொண்டிருக்கும். அவை படகிலிருந்து தொழிலாளி தன் நரம்பைப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை. அந்தப் பணிக்கு அவை மிக நல்லவை. இரைக்கு அருகில் அவை வேண்டியதில்லை.

நிறத்துக்குச் செலவிடும் கவனத்தில் ஒரு பகுதியைப் பருமனுக்குச் செலவிட்டால் பயன் கூடும் என்பது என் உறுதியான கருத்து. மெல்லிய நரம்பு எந்த நிறமாயினும் குறைவாகத் தெரியும், நீரோட்டத்தில் குறைவாக அதிரும், இரையை இயல்பாக அசையவிடும். மீன் தன் உடலின் பக்கக் கோட்டு உறுப்பால் நீரின் அதிர்வை உணர்கிறது என்பதால், கண்ணுக்குத் தப்பிய நரம்பும் அதிர்வால் காட்டிக்கொடுக்கப்படலாம். ஆனால் மெலிவுக்கு ஒரு விலை உண்டு: 0.40 மில்லிமீட்டர் நரம்புக்குப் பதில் அதே பொருளாலான 0.30 மில்லிமீட்டர் நரம்பைப் போட்டால் தாங்குதிறன் நூற்றுக்கு 56 பங்காகக் குறைந்துவிடும். எவ்வளவு பெரிய மீனை எதிர்பார்க்கிறோம், அடியில் பார் இருக்கிறதா மணலா என்பதை அறிந்த தொழிலாளியே இதை முடிவு செய்ய வேண்டும். நீளமான தாய்நரம்பு கண்ணுக்கு நன்கு தெரியும் நிறத்திலும், தூண்டில் முள்ளை அடுத்த ஒன்றிரண்டு மீட்டர் மட்டும் மெல்லிய நிறமற்ற நரம்பாகவும் இருந்தால், செலவும் குறையும், சிக்கலும் எளிதில் அவிழும். அறுந்து கடலில் கிடக்கும் நிறமற்ற நரம்பு ஆமைக்கும் கடற்பறவைக்கும் முக்குளிப்போருக்கும் தெரியாது என்பதையும் இங்கே கருத வேண்டும்.

இதைச் சோதித்துப் பார்க்க நம் கரையிலேயே வசதி இருக்கிறது. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இயங்குகிறது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையங்கள் தூத்துக்குடியிலும் மண்டபத்திலும் உள்ளன. ஒரே பொருள், ஒரே பருமன், ஒரே முள், ஒரே இரை என்று வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றி, ஒரே படகிலிருந்து ஒரே நேரத்தில், நரம்புகளின் இடத்தை முறை வைத்து மாற்றியபடி போட்டுப் பார்த்தால், நிறம் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பது தெரிந்துவிடும். தெளிந்த நீருள்ள மன்னார் வளைகுடாவிலும் கலங்கிய பாக் நீரிணைப் பகுதியிலும் தனித்தனியே, பகலிலும் இரவிலும், களவா, விளைமீன், சீலா என்று மீன் வகை பிரித்து இதைச் செய்ய வேண்டும். இத்தகைய சோதனையைத் தூண்டில் தொழிலாளர்களோடு சேர்ந்து நடத்துமாறு அந்நிறுவனங்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். நரம்பு விற்பவர்களும் உருளையின்மீது நிறத்தைப் பெரிதாக அச்சிடுவதோடு நில்லாமல், எந்தப் பொருளால் ஆனது, மில்லிமீட்டரில் பருமன் எவ்வளவு என்பதைத் தமிழில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். தங்கள் கட்டுரையின் சிவப்பு நரம்பு பற்றிய பகுதிக்கு ஒரு திருத்தமும் அதே பக்கத்தில் வெளிவருமானால், பருவம் தொடங்கும் முன் நரம்பு வாங்கப் போகிறவர்களுக்கு அது உதவியாக இருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தூத்துக்குடி மாவட்டம்