குறையை எழுதித்தான் விற்றேன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் பழைய விளையாட்டு எந்திரங்களை வாங்கிப் போட்டால் காசு கொட்டும் என்று இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு மலரில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நான் சிகாகோ பக்கத்தில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன், பேஸ்மென்டில் மூன்று பின்பால் எந்திரம் வைத்திருந்தேன், போன மாதம்தான் ஒன்றை விற்றேன். அதனால் கொஞ்சம் கூர்ந்தே படித்தேன். எழுதியவர் மெனக்கெட்டிருக்கிறார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கடைசியில் "விளம்பரத்தில் குறைகளைச் சொல்ல வேண்டாம், ஆள் நேரில் வந்தபிறகு பேசிக்கொள்ளலாம்" என்று ஒரு யோசனை சொல்லியிருந்தாரே, அதுதான் எனக்குச் சுருக்கென்றது. என் நண்பரும் இதையேதான் சொன்னார். "கேட்டா சொல்லு, கேக்கலைன்னா விட்டுடு."

நான் விற்றது ஃபிஷ் டேல்ஸ் என்கிற பின்பால். வில்லியம்ஸ் கம்பெனி 1992-இல் இதே சிகாகோவில் செய்தது. பார்க்காதவர்களுக்குச் சொல்வதென்றால், கண்ணாடி போட்டு மூடிய ஒரு சாய்வு மேஜை, அதன்மேல் எஃகுக் குண்டு ஓடும், கீழே இறங்கி வருகிற குண்டை ஃபிளிப்பர் என்கிற இரண்டு குட்டி மட்டையால் தட்டித் தட்டி மேலே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற பல எந்திரங்களில் ஸ்பிரிங் கம்பியை இழுத்து விட்டுக் குண்டைக் கிளப்புவார்கள், இதில் அந்த இடத்தில் தூண்டில் கைப்பிடி மாதிரி ஒன்று இருக்கும். மேஜையின் மேல்முனையில் நிமிர்ந்து நிற்கிற தலைப்பெட்டி மீது ஒரு மீன் பொம்மை, சமயத்தில் துள்ளும். மீன்பிடிக்கப் போனவன் விடுகிற கதைதான் ஆட்டமே. பிடித்த மீனைப் பற்றிப் பொய்யைக் கூட்டிச் சொல்லிப் புள்ளி ஏற்றுகிற கட்டம்கூட உண்டு. அந்த எந்திரத்தைப் போய் அப்பா உண்மை சொல்லி விற்றாரே என்று என் மகள் இன்னும் சிரிக்கிறாள்.

சூதாட்டம் என்று தடை செய்யப்பட்டதால் இவை அரிதாகிவிட்டன, அதனால்தான் விலை என்றும் கட்டுரை சொல்கிறது. தடை இருந்தது உண்மைதான். நியூயார்க்கில் 1942-இல் மேயர் லகார்டியா காலத்தில் வந்து 1976 வரை நீடித்தது. ஆனால் இன்று வீடுகளில் கைமாறுகிறவற்றில் பெரும்பாலானவை அதற்கு அப்புறம் செய்தவை, அரிதானவையும் அல்ல. ஃபிஷ் டேல்ஸ் மட்டுமே 13,000-க்கு மேல் செய்தார்கள், அதே வருடம் வந்த ஆடம்ஸ் ஃபேமிலி என்ற எந்திரம் 20,000-க்கும் மேல். விலை ஏறியதற்குக் காரணம் வேறு. 1999-இல் வில்லியம்ஸ் தன் பின்பால் பிரிவை மூடிவிட்டது. கல்லூரி நாளில் சில்லறை போட்டு அதை ஆடியவர்களுக்கு இப்போது கையில் காசும் வீட்டில் பேஸ்மென்டும் இருக்கிறது. அவ்வளவுதான்.

சரி, குறைக்கு வருகிறேன். இந்தத் தலைமுறை எந்திரங்களின் மூளை மாதிரியான சர்க்யூட் பலகையில் மூன்று டபுள் ஏ பேட்டரி இருக்கும், நம் வீட்டு ரிமோட்டில் போடுகிற அதே சாதா பேட்டரி. பிளக்கைப் பிடுங்கினாலும் அதிகப் புள்ளி எடுத்தவர் பெயர் அழியாமல் இருக்க அது வேண்டும். ஒரு வருடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மதுரைக்கு வந்து நாலு மாதம் தங்கிவிட்டேன். திரும்பிப்போய் எந்திரத்தைப் போட்டால் பாதி சுவிட்சு வேலை செய்யவில்லை. தலைப்பெட்டியைத் திறந்தேன். பேட்டரி கசிந்து, கீழே இருந்த சிப்புகளின் கால்களில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது, தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. அரித்துப்போன இடங்களில் மெல்லிய வயரைச் சோல்டர் வைத்து ஒட்டி மூன்று வாரம் கழித்துத்தான் உயிர் வந்தது. பேட்டரியை மாற்றாமல் விட்டது என் தப்பு, எந்திரத்தின் தப்பு இல்லை.

விளம்பரத்தில் இதைத்தான் முதல் வரியாக எழுதினேன். பலகையின் படம் போட்டேன், ஜன்னலை ஒட்டி இருந்த பெட்டியின் இடது பக்கம் வெயிலில் வெளுத்ததையும் போட்டேன். 4,400 டாலர் கேட்டேன். முதலில் கூப்பிட்டவர் படத்தைப் பார்க்கவே இல்லை, எடுத்த எடுப்பில் "கடைசி விலை என்ன?" என்றார். இரண்டாவது ஆள் டார்ச் லைட்டோடு வந்தார். ஒரு ஆட்டம்கூட ஆடாமல் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, மேஜையைத் தூக்கி நிறுத்தி, தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். அப்புறம் விளக்குகளுக்குக் கரன்ட் போகிற கனெக்டரைக் காட்டினார், கருகிப் பழுப்பாக இருந்தது. சத்தியமாக எனக்கே தெரியாது. முகம் சிவந்துவிட்டது எனக்கு. அவரோ, "பலகை விஷயத்தை நீங்களே எழுதியிருந்தீர்கள், அதனால் இது தெரியாது என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன்" என்று 200 டாலர் குறைத்து 4,200 கொடுத்தார். பேட்டரிக் கதையை மறைத்திருந்தால் அந்தக் கனெக்டரைப் பார்த்ததுமே அவர் காரைக் கிளப்பியிருப்பார்.

காசு கொட்டுகிற கதையையும் பார்ப்போமே. 2008-இல் 1,900 டாலருக்கு வாங்கினேன். ரப்பர் வளையம், கம்பிச் சுருள், விளக்கு, பலகை ரிப்பேர் என்று போட்டது ஆயிரத்தைத் தாண்டும், என் ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கணக்கே இல்லை. இதற்கு முதலீடு என்று பேர் வைத்தால் என் மனைவி சண்டைக்கு வருவாள்.

ஏற்றி அனுப்புவதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை, அது பெரிய குறை. நூறு கிலோவுக்கு மேல் எடை. முதலில் குண்டுகளை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வழியில் உருண்டு உள்ளே இருப்பதை எல்லாம் உடைக்கும். போர்வையை விரித்து அதன்மேல் தலைப்பெட்டியை மடக்கிப் பட்டை போட்டுக் கட்டி, அப்புறம்தான் கால்களைக் கழற்றலாம். கழற்றின கண்ணாடியைச் சிமென்ட் தரையில் நிறுத்தவே கூடாது, முனை பட்டால் மொத்தமும் அரிசி அரிசியாகக் கொட்டிவிடும். மூன்று குண்டையும் என் பழைய சாக்ஸ் ஒன்றில் போட்டுக் கொடுத்தேன், மீன் பொம்மையை அவர் மகன் மடியில் வைத்துக்கொண்டு போனான்.

அடுத்து விற்கப்போவது 1981-இல் வந்த பாலி கம்பெனியின் எய்ட் பால் டீலக்ஸ். அதன் பேட்டரி பலகையிலேயே சோல்டர் வைத்த ரகம், அதுவும் கசிந்திருக்கிறது. படம் எடுத்து வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
சிகாகோ புறநகரிலிருந்து ஒரு வாசகன்