தூங்குகிறார் என்று எழுதுவதற்கு முன்

அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களுக்கும், நோயாளியை முதலில் பார்க்கும் செவிலியர்களுக்கும்,

பக்கவாதம் என்றால் வாய் கோணும், கை தொங்கிவிடும், பேச்சு குழறும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். அப்பாவுக்கு இதில் எதுவுமே இல்லை. காலையில் பேசிக்கொண்டிருந்தவர் பாதிப் பேச்சில் தூங்கிவிட்டார், அவ்வளவுதான். தோளை அழுத்திக் கிள்ளினால் கண் திறப்பார், பெயர் கேட்டால் சரியாகச் சொல்வார், அடுத்த கேள்வி கேட்பதற்குள் மறுபடி தூக்கம். சர்க்கரை சரியாக இருந்தது, சி.டி. ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. குடிப்பாரா, தூக்க மாத்திரை போடுவாரா என்று மூன்று பேர் மாறி மாறிக் கேட்டார்கள் (தொட்டதே இல்லை, ஆனால் மூன்றாவது தடவை எனக்கே சந்தேகம் வந்துவிட்டது). அப்புறம் 'தூங்குகிறார்' என்று தாளில் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் ஒரு இளம் டாக்டர் அப்பாவை எழுப்பி, பேனாவைக் கண்ணுக்கு நேரே பிடித்து மெதுவாக மேலே கொண்டுபோனார். பக்கவாட்டில் நன்றாக ஓடிய கண் மேலே மட்டும் போகவில்லை. அவர் பிடிவாதமாக எம்.ஆர்.ஐ. கேட்டார். படத்தில், மூளையின் ஆழத்தில் நடுவே இருக்கும் தலாமஸின் இரண்டு பக்கமும், நடுக்கோட்டை ஒட்டி, வெள்ளையாக இரண்டு திட்டு. அதுவும் பக்கவாதம்தான்.

நம்மை விழிப்பாக வைத்திருப்பதில் தலாமஸுக்குப் பெரிய பங்கு உண்டு. வழக்கமாக அதன் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் குழாய்தான் ரத்தம் கொண்டுபோகும், சிலருக்கு மட்டும் ஒரே தண்டிலிருந்து இரண்டுக்கும் கிளை பிரியும். 1973இல் அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் பெர்ஷெரோனின் பெயரிலேயே அந்தக் குழாயை அழைக்கிறார்கள். அது அடைத்தால் கை கால் நன்றாக இருக்க, ஆள் மட்டும் அணைந்துவிடலாம். இதெல்லாம் எனக்கு முன்னால் உங்களுக்குத் தெரியும், தெரிந்ததை அந்த இரவில் யாருக்கும் நினைவுபடுத்த ஒன்றும் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

அசந்து கிடக்கிற எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்று சொல்லவில்லை. மருந்து, சோடியம், கிருமித்தொற்று என்று இதைவிடச் சாதாரணமான காரணங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் சாயம் செலுத்தாமல் எடுத்த சி.டி. ரத்தக்கசிவு இல்லை என்று காட்டலாமே தவிர, புதிதாக வந்த அடைப்பு இல்லை என்று உறுதி சொல்லாது. திடீரென்று வந்த தூக்கம், காரணம் தெரியவில்லை என்றால் இமையைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு கண் பாப்பாவும் ஒரே அளவா, கண் மேலும் கீழும் ஓடுகிறதா? சந்தேகம் இருந்தால் அப்போதே ரத்தக்குழாய்களையும் படம் எடுங்கள். ஏனென்றால் மூளைத்தண்டுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான பேசிலார் தமனியின் அடைப்பும் இதே மாதிரி தூக்கத்தோடு வரலாம், அதில் உயிரே போய்விடலாம். அங்கே அடைத்த ரத்தக்கட்டியைக் குழாய் விட்டு எடுப்பது தகுந்தவர்களுக்குப் பலன் தருகிறது என்று 2022இல் வந்த இரண்டு ஆய்வுகள் காட்டின, அதுவும் ஒன்றில் 6 மணி நேரம் கடந்து 24 மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு. அப்பாவுக்கு அடைத்தது இழை போன்ற குழாய், அதற்குள் எதையும் விட முடியாது. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பற்றியாவது யோசித்திருக்கலாம், அதற்கான நாலரை மணி நேரம் சும்மா படுத்திருந்ததிலேயே போய்விட்டது.

அப்பா இப்போது நடக்கிறார், பேசுகிறார், காலையில் சொன்னது மதியம் நினைவில் இல்லை.

முகம், கை, பேச்சு என்று நீங்கள் குறிக்கும் தாளில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: எழுப்பினாலும் விழிப்பு நிலைக்காத தூக்கம், எத்தனை மணிக்குத் தொடங்கியது? நான் பக்கத்திலேயே இருந்தேன், 11:20 என்று உடனே சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு மகள்