பித்தளை மின்னினதும் நிறுத்து

ராயபுரம்,
ஞாயிறு ராத்திரி

மாப்ளே,

மூணு மாசமா பதில் போடலைன்னு திட்டறதை நேர்ல வாங்கிக்கறேன். வீட்ல எல்லாரும் சுகம். அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. நீ புது லேத்துக்கு அட்வான்ஸ் கட்டறதுக்குள்ள இது உன் கைக்குச் சேரணும், அதான் அவசரமா எழுதறேன்.

நீ அனுப்பின ரெண்டு பேனாவும் கடைசல் அருமை. ஆனா நடு வளையத்துக்கிட்ட ஒரு பக்கம் ஒட்டியிருக்கு, மறுபக்கம் நகம் நுழையுது. லேத் மேல பழி போடாதடா. கட்டையோட முனை, உள்ள ஒட்டற பித்தளைக் குழாய்க்கு நேர் குறுக்கா வரல. அப்படியே மாண்ட்ரல்ல, அதான் லேத்துல கட்டையைக் கோக்கற கம்பியில, ஏத்தி நட்டை முறுக்கினா சாஞ்ச முனை பக்கத்துல இருக்கற புஷ் வளையத்தைத் தள்ளும், மாண்ட்ரல் வளையும், கட்டை வட்டமாவே வராது. இன்னொரு லேத் வாங்கினாலும் இதே கதைதான்!

முக்கால் இஞ்ச் கட்டையை, குழாயைவிட 3 மி.மீ. கூட விட்டு அறு. குழாய்க்குத் துளை போடறப்போ 7 மி.மீ. பிட்டை அடிக்கடி வெளிய எடுத்துத் தூளைத் தட்டு; சூடேறினா கருங்காலி விரிசல் விடும். சைடன்ஹாம்ஸ் ரோட்டுல வாங்கின தேக்கா இருந்தாலும் நல்லா காயட்டும். மரம் சுருங்கும், பித்தளை சுருங்காது, அப்புறம் வெடிக்கும். குழாயை எமரியில தேச்சு, அரால்டைட் பசை தடவி, சுத்திக்கிட்டே தள்ளு. ஒரு ராத்திரி தொடாதே.

இனிமேதான் முக்கியம்: பல்லு வெச்ச மில்லால கட்டை முனையைச் சீவறது. குழாய்க்குள்ள பசை உறைஞ்சிருந்தா, உள்ள நுழையற மில்லோட கம்பி சாஞ்சுதான் நிக்கும். சின்ன வட்ட அரத்தால சுரண்டிடு. வேகத்தைக் குறைச்சு, லேசா அழுத்து. பித்தளை முழு வட்டமா மின்னினதும் கையை எடு. அதுக்கு மேல ஓட்டினா குழாய் குட்டையாகி, ரீஃபில் முனை உள்ளே போகாம நீட்டிக்கிட்டு நிக்கும். 10 மி.மீ. குழாய்ல 7 மி.மீ. கம்பி ஆடும், அந்த இடைவெளிக்கு இறுக்கமா ஒரு உறை கடைஞ்சு போடு.

முனையில சிராய் பேர்ந்து வருதுன்னா மில் பல்லு மழுங்கிடுச்சு. வைரக் கல்லுல ஒவ்வொரு பல்லையும் ஒரே அளவு தேய். முனையில தண்ணி மாதிரி இருக்கற சூப்பர் க்ளூ ரெண்டு சொட்டு விட்டு, காஞ்சப்புறம் சீவு. முடிச்சு விழுந்த கட்டைக்கு மில்லே வேணாம், டிஸ்க் சாண்டர்ல, அதான் சுத்தற உப்புத்தாள் தட்டுல, 90 டிகிரி வெச்சுத் தேச்சுடு.

அடுத்த நாலு கட்டையை முனை சீவினதோட, கடையாம அனுப்பு. மூலை மட்டம் வெச்சுப் பாத்துட்டு எழுதறேன். அதுவரைக்கும் லேத் பணத்தைத் தொடாதே.

உன்
ராயபுரத்தான்