அக்காவின் காலும் ஆக்ஸிஜன் அறையும்

அன்புள்ள கோபாலு,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. அக்காவின் தொடையில் வைத்த கம்பியில் சீழ் கட்டிவிட்டது என்று படித்ததும் என் கை தானாகவே முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. எனக்கு அங்கே பிளேட் இருந்த கதை உனக்குத் தெரியுமே.

அழுத்தம் கூட்டிய அறைக்குள் சுத்த ஆக்ஸிஜனைச் சுவாசிக்க வைப்பார்களே, அந்த ஆக்ஸிஜன் அறையில் முப்பது சிட்டிங் சொல்கிறார்கள், போகலாமா என்று கேட்டிருக்கிறாய். இரும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது. கிருமி அதில் ஒட்டிக்கொண்டு, கோயில் குளத்துப் படியில் பாசி பிடிப்பதுபோல ஒரு படலம் கட்டிவிடுகிறது. மருந்து மேலே வழிந்து போகும். அடியில் இருக்கிறவன் சௌக்கியமாக இருப்பான். சுற்றியுள்ள எலும்பிலும் ஆக்ஸிஜன் குறைந்துபோகிறது. கிருமியைக் கொல்ல வெள்ளையணுக்களுக்கு அது வேண்டும். ஜென்டாமைசின் மாதிரியான மருந்து கிருமிக்குள் நுழையவே அது வேண்டும். அங்கேதான் இந்த அறை உதவுகிறது.

நாம் பாடம் நடத்திய ஹென்றி விதிதான், கோலி சோடா சமாச்சாரம்! அழுத்தம் கூடினால் திரவத்தில் வாயு அதிகம் கரையும். சாதாரணமாக 100 மி.லி. ரத்த நீரில் 0.3 மி.லி. ஆக்ஸிஜன்தான் கரைந்திருக்கும், மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் சுத்த ஆக்ஸிஜனைச் சுவாசித்தால் 6 மி.லி. வரை போகும். எனக்கு வைத்தது 2.4 மடங்கு, தினம் தொண்ணூறு நிமிஷம். கொடைக்கானலிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது காது அடைக்குமே, அப்படி அடைக்கும். எச்சில் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தீப்பிடிக்கும் பயத்தால் பருத்தித் துணி மட்டும்தான். தலைக்கு எண்ணெய்கூடக் கூடாது. ஒரு வேடிக்கை: கடைசி வாரத்தில் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படித்தேன். இரண்டு மாதத்தில் கண் பழையபடி ஆகிவிட்டது.

ஆனால் என் கால் ஆறியதற்கு அந்த அறைதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். முயல்களில் செய்த சோதனைகளும் சிறு சிறு நோயாளிக் கூட்டங்களில் பார்த்ததும்தான் இதற்கு ஆதாரம். கம்பி, பிளேட் வைத்தவர்களிடம் பெரிய ஒப்பீட்டு ஆய்வு நடக்கவில்லை. செத்த எலும்பைச் சுரண்டி எடுக்காமல் ஆக்ஸிஜன் மட்டும் கொடுத்தால் பணம்தான் கரையும்.

முதலில் போன இடத்தில் எனக்குக் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்து எதுவென்று பார்க்கும் சோதனை, எடுக்காமலே இரண்டு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை உள்ளே போயிருந்ததால், பிறகு எடுத்தபோது கிருமி பிடிபடவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. அதனால் அக்காவுக்கு ஆழத்திலிருந்து சதை, எலும்புத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்களா என்று கேள். எலும்பு கூடிவிட்டதா, கம்பியை எடுக்கலாமா, மாற்ற வேண்டுமா என்பதையும் சர்ஜன் வாயாலேயே சொல்லச் சொல். ரிஃபாம்பிசின் கொடுத்தால் அதோடு இன்னொரு மருந்தும் இருக்கும். தனியாகக் கொடுத்தால் கிருமி சீக்கிரமே அதற்குப் பழகிவிடும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயந்துவிடாதீர்கள். ஆறு வாரமும் ட்ரிப்ஸ்தானா என்று அக்கா அழவும் வேண்டாம். பிரிட்டனில் 1,054 பேரை வைத்துச் செய்து 2019இல் வெளிவந்த ஆய்வில், எலும்பு, மூட்டுத் தொற்றுக்கு மாத்திரை ஊசிக்குக் குறைந்ததாக இல்லை.

அக்காவுக்கு மூச்சு இழுப்பு (ஆஸ்துமா) உண்டே? அறைக்குள் போகும் முன் அதைக் கட்டாயம் சொல்லிவிடு. நெஞ்சு எக்ஸ்ரே பார்த்த பிறகுதான் உள்ளே விட வேண்டும்.

ரிப்போர்ட்டுகளை எடுத்து வை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். எனக்காகக் குழம்பு வைக்கிறேன் என்று அக்கா எழுந்துவிடப் போகிறார், பார்த்துக்கொள்.

உன்,
சாமிநாதன்