போடி ரயிலுக்காகக் கூட நின்ன எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். இதை 2023லயே எழுதியிருக்கணும், போடிக்கு ரயில் வந்த சந்தோசத்துல நன்றி சொல்ல வேண்டியதையே மறந்துட்டேன், மன்னிச்சுக்கங்க.

2010ல மதுரைல காலேஜ் சேர்ந்தேன். தேனில இருந்து மீட்டர் கேஜ் (அந்தக் காலத்துக் குறுகலான பாதை) ரயிலு, கைல சீசன் டிக்கெட்டு. ஒரு அரை வருசம்கூட முழுசா போகல, அந்த வருசக் கடைசியோட அகலப்பாதையா மாத்தப் போறோம்னு வண்டிய நிப்பாட்டிட்டாங்க. ரெண்டு மூணு வருசத்துல வந்துரும்னாங்க, சரின்னு நாங்களும் பஸ்ல ஏறுனோம். நான் டிகிரி முடிச்சு, வேலைக்குப் போயி, கல்யாணமும் ஆகிருச்சு, ரயிலு மட்டும் வரல. இந்த லைனுக்கு இது புதுசும் இல்ல, 1928ல ஓட ஆரம்பிச்சது, ரெண்டாம் உலகப்போர் சமயத்துல தண்டவாளத்தையே கழட்டிட்டுப் போனாங்கன்னு எங்க தாத்தா சொல்லும், நம்ம காலத்துலயும் அப்படியே போயிருமோன்னுதான் எனக்குப் பயம்.

முதல் நன்றி, ரயிலு கேட்டு எழுதுன மனுவுக்குக் கையெழுத்து வாங்க அலைஞ்ச பசங்களுக்கு. இதுல பாதிப் பேரு கடைசி வருசம் படிச்சவய்ங்க, ரயிலு வந்தாலும் அவய்ங்களுக்கு பிரயோஜனம் இல்லைன்னு அவய்ங்களுக்கே தெரியும். ஒருத்தன்கிட்ட இதைக் கேட்டப்ப "என் தங்கச்சி எட்டாவதுதாண்ணே படிக்கிறா"ன்னான். அதுக்கு மேல நான் என்னத்தப் பேச.

அப்புறம் அந்த ரிட்டயர்டு சார், பேரு போட வேணாம்னு சொல்லிட்டாரு. மனு எழுதிக் கொடுத்தது, தகவல் உரிமைச் சட்டத்துல கேள்வி கேட்டது, பட்ஜெட் வர்ற ஒவ்வொரு வருசமும் நம்ம லைனுக்கு எவ்வளவு ஒதுக்கிருக்காங்கன்னு நோட்டுல குறிச்சு வச்சது எல்லாம் அவருதான். நாங்க கோவத்துல "ரயில் விடு"ன்னு கத்திக்கிட்டு இருந்தப்ப, கத்துனா காசு வராது, எந்த வேலை எதனால நிக்குதுன்னு கேளுங்கடான்னு சொல்லிக் குடுத்தாரு. ஜெராக்ஸ் கடைக்கார அண்ணே, ஏலக்காய் வியாபாரிங்க, பஸ்ல வச்சே கையெழுத்துப் போட்ட அக்காமாருங்க, உங்களையும் மறக்கல. (கண்டக்டர் அண்ணே ஒருத்தரும் போட்டாரு, அவரு பொழப்புக்கே ஆப்புன்னு தெரிஞ்சும்!)

வேலை செஞ்ச ஆளுகளையும் சொல்லணும். மொத்தமே 90 கிலோமீட்டர்தான். மதுரைல இருந்து உசிலம்பட்டி 37, அங்கருந்து ஆண்டிபட்டி 21, தேனி 17, போடி 15, இப்படித் துண்டு துண்டாத்தான் முடிச்சாங்க. ஆண்டிபட்டி கணவாய்ல பாறைய வெட்டுன எடத்த ரயில்ல போறப்ப ஜன்னல்ல பாருங்க, அந்த வெயில்ல நின்னு வேலை பார்த்தவங்க யாரு எந்த ஊருன்னுகூட நமக்குத் தெரியாது.

2022 மே மாசம் தேனிக்கு வண்டி வந்தன்னைக்கு பிளாட்பாரத்துல நிக்கவே எடமில்ல. நான் தேடுனது அந்த எட்டாவது படிச்ச தங்கச்சியோட அண்ணனைத்தான், அவன் வெளிநாட்டுல இருக்கான், வீடியோ கால்ல காட்டுனேன், ஹாரன் சத்தத்துல அவன் என்ன சொன்னான்னே கேக்கல. அடுத்த வருசம் ஜூன்ல போடி வரைக்கும் வந்துருச்சு, சென்னை வண்டியும் சேர்த்து.

இப்ப ஒரு சின்ன மனக்குறை. காலைல மதுரைல இருந்து கிளம்பி சாயங்காலம் திரும்பிப் போற மாதிரிதான் பாசஞ்சர் வண்டிய விட்டாங்க. மதுரைல இருந்து இங்க படிக்க, வேலை பார்க்க வர்றவங்களுக்கு தோதுதான், நம்ம புள்ளைங்க காலைல மதுரை காலேஜுக்குப் போக அது ஒத்து வராது. நான் எதுக்காக 2010ல சீசன் எடுத்தேனோ அந்த வண்டி இன்னும் வரலைன்னு வச்சுக்கங்க. ரிட்டயர்டு சார் அடுத்த மனுவ எழுதிட்டாரு. ஜெராக்ஸ் கடைலதான் இருக்கு, அந்தப் பக்கம் போறவங்க ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க.